ஜப்பானியரிடையே ஊழியம்: புறப்படுமுன் கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்கு ஊழியத்துக்குப் போக விரும்பும் இளைஞர்கள், அவர்களை அனுப்ப யோசிக்கும் சபைகள், கவலையோடு இருக்கும் பெற்றோர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. சீர்திருத்த சபைகளை மனதில் வைத்து எழுதியது. கத்தோலிக்க சபையில் ஆள் அனுப்பும் முறை வேறு. ஆனால் மொழி, விசா, பழக்கவழக்கம் பற்றிய பகுதிகள் அவர்களுக்கும் பொருந்தும்.

ஜப்பான் பணக்கார நாடு, மதச் சுதந்திரமும் இருக்கிறது. அங்கே எதற்கு மிஷனெரி?

சுதந்திரம் இருப்பது உண்மை. 1947-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 20-ஆம் பிரிவு அதை உறுதி செய்கிறது. கிறிஸ்தவத்துக்கு நல்ல பெயரும் உண்டு. நீஜிமா ஜோ 1875-இல் கியோட்டோவில் தொடங்கிய தோஷிஷா போன்ற நிறுவனங்களில் பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் போட்டி போடுகிறார்கள். கிறிஸ்தவர் அல்லாத ஜோடிகளும் சிற்றாலயத்தில் வெள்ளை உடை அணிந்து திருமணம் செய்துகொள்கிறார்கள். டிசம்பரில் கேக் இல்லாத வீடு குறைவு.

இத்தனைக்குப் பிறகும், 12 கோடிக்கு மேல் மக்கள் உள்ள நாட்டில் எல்லாச் சபைப் பிரிவுகளையும் சேர்த்தால் கிறிஸ்தவர்கள் ஒரு சதவீதம் அளவில்தான் இருக்கிறார்கள். ஞாயிறு ஆராதனைக்கு இருபது முப்பது பேர் வந்தாலே அது சராசரியான சபை. அவர்களில் பலர் தலை நரைத்தவர்கள். போதகர் ஓய்வு பெற்றால் அடுத்த ஆள் கிடைப்பதில்லை. ஒரே போதகர் இரண்டு மூன்று சபைகளைப் பார்ப்பது சிற்றூர்களில் சாதாரணம். அங்கே தேவைப்படுவது பேச்சாளர் இல்லை, கூட இருந்து தோள் கொடுப்பவர்.

சவேரியார் 1549-லேயே போய்விட்டாரே. இத்தனை நூற்றாண்டு ஆகியும் ஏன் இவ்வளவு குறைவு?

தொடக்கத்தில் குறைவாக இல்லை. 1549 ஆகஸ்ட் 15-இல் பிரான்சிஸ் சவேரியார் ககோஷிமாவில் இறங்கிய பிறகு, 60 ஆண்டுகளுக்குள் கிறிஸ்தவர் தொகை சுமார் 3 லட்சம் ஆனது என்பது பொதுவான மதிப்பீடு. பெரும் பிரபுக்கள் சிலரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்புறம் அரசியல் திரும்பியது. 1587-இல் அப்போது நாட்டை ஆண்ட ஹிதேயோஷி மிஷனெரிகளை வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரி 5-இல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்து கொன்றார்கள். அவர்களில் ஒருவர் நம் நாட்டில் பிறந்தவர். மும்பைக்கு அருகேயுள்ள வசாயைச் சேர்ந்த கொன்சாலோ கார்சியா. முதலில் வணிகராக ஜப்பானில் வாழ்ந்து, மொழியை நன்றாகக் கற்று, பிறகு பிரான்சிஸ்கன் சகோதரர் ஆனவர். இந்தியாவிலிருந்து ஜப்பானுக்கு ஊழியம் என்பது இன்று நாம் கண்டுபிடித்த விஷயம் அல்ல.

1614-இல் தொக்குகாவா அரசு நாடு முழுவதும் தடை விதித்தது. அதற்கு அடுத்து வந்த முறைதான் ஆழமாக வேரூன்றியது. ஒவ்வொரு குடும்பமும் ஏதாவது ஒரு பௌத்தக் கோயிலில் தன்னைப் பதிவு செய்ய வேண்டும், அந்தக் கோயில் 'இவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல' என்று சான்று தர வேண்டும். சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் இயேசு, மரியாள் உருவம் பொறித்த பலகையை மிதித்துக் காட்ட வேண்டும். இரண்டரை நூற்றாண்டு இப்படியே போனது. 1865-இல் நாகசாகியின் ஓவுரா ஆலயத்தில், அருகிலுள்ள உரகாமி கிராமத்திலிருந்து வந்த ஒரு சிறு கூட்டம் பாதிரியார் பெட்டிஜானிடம் தாங்களும் இந்த விசுவாசத்தார்தான் என்று மெதுவாகச் சொன்னபோதுதான், ஏழு தலைமுறையாக ஒளிந்து ஜெபித்தவர்கள் இருப்பது உலகுக்குத் தெரிந்தது. அதன் பிறகும் உரகாமியின் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நாடு கடத்துவது போலப் பல மாகாணங்களுக்கு விரட்டப்பட்டார்கள். தடை அறிவிப்புப் பலகைகள் 1873-இல்தான் இறங்கின.

இந்த வரலாற்றைப் படிக்காமல் போகாதீர்கள். 'எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு கோயில் இருக்கிறது' என்று ஒரு பாட்டி சொன்னால், அவர் நம்பிக்கையைப் பற்றிப் பேசவில்லை. குடும்பம் எங்கே சேர்ந்தது என்பதைச் சொல்கிறார்.

நம் ஊரில் பலன் தந்த முறைகள் அங்கே எடுபடுமா? தெருப் பிரசங்கம், கைப்பிரதி, பெரிய கூட்டம்?

சவேரியாரே இதற்குப் பதில். 1540-களில் தூத்துக்குடிக் கரையில் அவர் கையில் மணியோடு நடந்து, பிள்ளைகளைக் கூட்டி, மனப்பாடம் செய்த தமிழ் ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்தார். பரதவ மக்களிடையே அது போதுமாக இருந்தது. ஜப்பானிலும் முதலில் அதே எளிய கோலத்தில், தலைநகர் கியோட்டோ வரை பனியில் நடந்தே போனார். யாரும் மதிக்கவில்லை. பேரரசரைச் சந்திக்கவும் முடியவில்லை, அந்தக் காலத்தில் பேரரசருக்கு அதிகாரமும் இல்லை. 1551-இல் யாமகுச்சிக்குத் திரும்பியபோது முறையை மாற்றினார். நல்ல உடை, இந்தியாவின் போர்ச்சுகீசிய ஆளுநர் தந்த கடிதம், கடிகாரம் முதலிய பரிசுகளோடு அங்கிருந்த பிரபு ஓவுச்சியைச் சந்தித்தார். பிரசங்கிக்க அனுமதியும் தங்க இடமும் கிடைத்தன. பிறகு 1579-இல் வந்த இயேசு சபை மேலாளர் வலிக்னானோ இன்னும் ஒரு படி மேலே போய், இயேசு சபையார் ஜப்பானிய மரியாதை முறைகளைக் கற்க வேண்டும், விருந்தினரை உபசரிக்க ஒவ்வொரு இல்லத்திலும் தேநீர் அறை வேண்டும் என்று விதி எழுதினார்.

இன்று நிலைமை என்ன? ஒலிபெருக்கி வைத்துப் பிரசங்கித்தால் காவல்துறை வராமல் போகலாம், ஆனால் அக்கம்பக்கம் உங்களை மன்னிக்காது. அடுக்குமாடிக் கட்டட வாசல்களில் 'ஆள் சேர்க்க வராதீர்கள்' என்ற பலகை இருக்கும். கதவு தட்டுகிறவர் என்றால் யெகோவா சாட்சிகள் என்றே நினைப்பார்கள். கைப்பிரதியை அஞ்சல் பெட்டியில் போடும் சபைகள் உண்டு. அதிலும் சபையின் பெயர், முகவரி, போதகர் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். பெரும்பாலும் நடப்பது மெதுவான வழிதான்: ஆங்கில வகுப்பு, சமையல் வகுப்பு, கோஸ்பல் பாடல் குழு, முதியோருக்கு மதிய உணவு, கிறிஸ்துமஸ் ஆராதனை. இந்தியக் குழம்பு கற்றுத் தருகிறோம் என்றால் கூட்டம் வரும், சந்தேகமே வேண்டாம். ஆனால் சமையல் வகுப்பு என்று அழைத்துவிட்டு ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தால் அடுத்த மாதம் ஒருவரும் வரமாட்டார்கள். கடைசியில் பத்து நிமிட வேத சிந்தனை உண்டு என்று அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள்.

ஜப்பானிய மொழி எவ்வளவு தெரிய வேண்டும்? ஆங்கிலத்தில் சமாளிக்க முடியாதா?

வெளிநாட்டவர் கூடும் சபையில் சமாளிக்கலாம். ஜப்பானியரிடையே ஊழியம் என்றால் முடியாது. பள்ளியில் ஆறு ஆண்டு ஆங்கிலம் படித்தவரும் தன் மனைவியின் மரணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசமாட்டார்.

எழுத்திலிருந்து தொடங்குங்கள். ஒலியைக் குறிக்கும் எழுத்து வரிசைகள் இரண்டு: ஹிரகானா 46, கத்தகானா 46. ஒழுங்காக உட்கார்ந்தால் ஒரு மாதத்தில் முடியும். காஞ்சி என்ற சீன எழுத்துகள்தான் மலை. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு பட்டியலிட்டவை 2,136. அதில் 1,026 எழுத்துகளை ஜப்பானியப் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் படிக்கிறார்கள். நல்ல வேளை, ஜப்பானிய வேதாகமங்கள் பலவற்றில் காஞ்சிக்கு மேலே உச்சரிப்பு அச்சிட்டிருக்கும். ஆகவே தொடக்கத்திலிருந்தே தினமும் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசிக்கலாம்.

ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் எளிதான என்5 தொடங்கி கடினமான என்1 வரை ஐந்து நிலைகள். ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலும் எழுதலாம். அங்குள்ள ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையம் வகுப்பும் நடத்துகிறது. புறப்படுமுன் என்4 முடித்தால் நல்லது, என்3 முடித்தால் மிக நல்லது. ஒன்றை மறக்காதீர்கள்: இந்தத் தேர்வில் பேச்சுத் திறன் சோதிக்கப்படுவதில்லை. என்2 சான்றிதழ் வைத்துக்கொண்டு தொலைபேசியில் மருத்துவரிடம் நேரம் வாங்கத் தெரியாதவர்கள் உண்டு.

அங்கே போனதும் முதல் இரண்டு ஆண்டு முழு நேரமும் மொழிப் பள்ளி. பல மிஷன் அமைப்புகள் இதைக் கட்டாயமாக வைத்திருக்கின்றன, எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. இந்த இரண்டு ஆண்டில் 'என்ன ஊழியம் நடக்கிறது?' என்று அனுப்பிய சபை கேட்டால், 'படிக்கிறார்' என்பதுதான் பதில். அதை ஏற்க முடியாத சபை ஆள் அனுப்பாமல் இருப்பது நல்லது.

பயிற்சிக்கு ஒரு யோசனை: உங்கள் சாட்சியை மூன்று நிமிட அளவில் எழுதுங்கள். 'இரட்சிப்பு', 'அபிஷேகம்' மாதிரிச் சபைச் சொற்கள் ஒன்றும் வேண்டாம். கிறிஸ்தவர் அல்லாத ஜப்பானிய ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அவர் எங்கே புரியவில்லை என்கிறாரோ அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

தமிழும் ஜப்பானியமும் உறவுள்ள மொழிகள் என்கிறார்களே? நமக்குச் சுலபமா?

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி வாதிட்டார். நம் ஊரில் அது பிரபலம், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. உறவு இருக்கிறதோ இல்லையோ, வாக்கிய அமைப்பு ஒன்றுபோல இருப்பது நமக்கு லாபம். வினை கடைசியில் வரும், உருபு பெயருக்குப் பின்னால் வரும். இங்கே, அங்கே, எங்கே என்ற வரிசைக்கு ஈடான வரிசையும் உண்டு. ஆங்கிலேயர் ஆறு மாதம் தடுமாறும் இடத்தை நாம் சீக்கிரம் கடந்துவிடுவோம். காஞ்சியும் மரியாதை வழக்கும் யாருக்கும் சலுகை காட்டாது.

எந்த விசாவில் போவது?

ஊழியத்துக்கென்றே 'மத நடவடிக்கைகள்' என்ற தங்கும் தகுதி இருக்கிறது. வெளிநாட்டு மத அமைப்பு ஒன்று உங்களை ஜப்பானுக்கு அனுப்புகிறது என்பதே இதன் அடிப்படை. ஜப்பானில் உங்களை ஏற்கும் சபையோ அமைப்போ அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும். அனுப்பும் சபையின் கடிதம், அந்தச் சபையைப் பற்றிய விவரங்கள், நீங்கள் ஊழியக்காரர் என்பதற்கான சான்று, செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற விளக்கம் எல்லாம் கேட்பார்கள். சான்றிதழ் வந்ததும் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தின் வழியாக விசா. சான்றிதழ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும். தங்கும் காலம் 5 ஆண்டு, 3 ஆண்டு, 1 ஆண்டு, 3 மாதம் என்று நான்கு வகை. முதல் முறையே 5 ஆண்டு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

மனைவியும் பிள்ளைகளும் குடும்பத்தார் தகுதியில் வரலாம். வேலைக்குப் போக வேண்டுமானால் தனி அனுமதி வாங்க வேண்டும், வாரம் 28 மணி நேரம் வரை. வீடு பார்த்துக் குடியேறிய 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும்.

சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சிக்கினால் உங்களை அழைத்த சபையின் பெயரும் கெடும்.

ஐடி வேலையில் சேர்ந்து போய் ஊழியம் செய்யலாமா?

தாராளமாக. டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய, அவர்களில் பலர் மென்பொருள் துறையினர். வேலை நேரத்துக்கு வெளியே சபையில் பங்கெடுக்க எந்தத் தடையும் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவருக்கு மொழி படிக்கத் தெம்பு இருக்காது. வார இறுதியில் தமிழர்களோடு கூடி, தமிழில் ஜெபித்து, பொங்கல் சாப்பிட்டு, ஐந்து ஆண்டு ஜப்பானியர் ஒருவர் வீட்டுக்குள்ளும் போகாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. வேலைவழி போகிறவர் முதல் நாளே ஜப்பானியச் சபை ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஒன்றும் புரியாவிட்டாலும் ஞாயிறுதோறும் அங்கே உட்கார வேண்டும்.

இறையியல் பட்டம் அவசியமா?

மத விசாவுக்கு ஊழியக்காரர் என்ற சான்று வேண்டும், பட்டம் அதற்கு உதவும். மேலும் ஜப்பானியப் போதகர்கள் பொதுவாக முறையாகப் படித்தவர்கள். மூன்று மாதப் பயிற்சிச் சான்றிதழோடு போய் அவர்களுக்குப் பாடம் நடத்த முடியாது.

அங்கே யாருக்குக் கீழே வேலை செய்ய வேண்டும்?

ஜப்பானியப் போதகருக்குக் கீழே. தனியாக ஒரு சபை தொடங்கும் ஆசையை முதல் தவணைக்கு ஒதுக்கி வையுங்கள்.

அந்தத் திருச்சபை தலைவர்கள் இல்லாமல் காத்துக் கிடக்கவில்லை. 1909 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கோபே நகரச் சேரியில் குடியேறிய போதகர் ககாவா தொயோஹிகோ தொழிற்சங்கம், கூட்டுறவு என்று ஏழைகளுக்காக உழைத்தவர். 1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டுக்கு வந்து, அதை ஒட்டி காந்தியையும் சந்தித்தார். கிறிஸ்தவ ஆசிரியர் உச்சிமுரா கன்ஸோ 1891-இல் பேரரசரின் கல்வி ஆணைக்கு முன் ஆழக் குனிந்து வணங்காததால் வேலை இழந்தார். இப்படிப்பட்ட மரபு உள்ள சபைக்குள் நீங்கள் விருந்தாளியாக நுழைகிறீர்கள். போரின்போது அரசு அழுத்தத்தால் 1941-இல் சபைகள் ஒரே அமைப்பாக இணைக்கப்பட்டதும், அந்த அமைப்பு தன் போர்க்காலப் பொறுப்பை 1967-இல் அறிக்கையிட்டதும் தெரிந்திருக்க வேண்டும். வயதான விசுவாசிகள் இன்னும் அதைப் பேசுவார்கள்.

நடைமுறை: போதகரை 'சென்செய்' என்றே அழையுங்கள். கூட்டத்தில் எல்லோரும் மௌனமாக இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'கொஞ்சம் கடினம்' என்று ஒருவர் இழுத்தால் அது மறுப்பு, இன்னொரு தடவை வற்புறுத்த வேண்டாம். புதிதாக எதையும் தொடங்குமுன் மூப்பர்களைத் தனித்தனியே பார்த்துப் பேசிவிட்டுத்தான் கூட்டத்தில் வைக்க வேண்டும். நம் ஊர்ச் சபைக் கமிட்டிகளில் இந்தப் பழக்கம் இருந்தால் எத்தனை சண்டை குறையும்!

முன்னோர் வழிபாட்டை எப்படிக் கையாள்வது?

ஜப்பானில் ஊழியம் செய்பவர் எல்லோரையும் கடைசியில் கொண்டு நிறுத்தும் கேள்வி இது. வீட்டுக்குள் புட்சுதான் என்ற பௌத்தப் பேழை இருக்கும். இறந்தவர்களின் பெயர்ப் பலகைகள், படம், தினமும் சோறு, தண்ணீர், ஊதுபத்தி. ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைவுகூரும் ஓபோன் நாட்களில் குடும்பம் முழுவதும் சொந்த ஊருக்குத் திரும்பிக் கல்லறையைக் கழுவி வணங்கும். மூத்த மகன் ஞானஸ்நானம் பெற்றால் அந்தக் கல்லறையை யார் பார்ப்பார்கள்? பலர் நின்றுவிடும் இடம் இதுதான். திரித்துவமோ உயிர்த்தெழுதலோ அவ்வளவு தடையாக இருப்பதில்லை.

சவேரியாரிடமே இதைக் கேட்டார்கள். சுவிசேஷம் கேட்காமல் இறந்துபோன எங்கள் தாய் தகப்பன் எங்கே இருக்கிறார்கள் என்று யாமகுச்சியில் விசுவாசிகள் அழுததை அவர் தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மீட்பே இல்லை என்று அவர் பதில் சொன்னார், அவர்கள் அழுகை நிற்கவில்லை, அது தன்னையும் வருத்தியது என்றும் எழுதினார். நீங்கள் புறப்படுமுன் இந்தக் கேள்விக்கு உங்கள் சபைப் போதகரோடு உட்கார்ந்து நாள் கணக்கில் பேசுங்கள். அவசரத் தீர்ப்பு வேண்டாம். இறந்தவரை நியாயந்தீர்ப்பது நீதியும் இரக்கமும் உள்ள கர்த்தரின் வேலை என்று அவரிடமே விடும் போதகர்கள் அங்கே பலர், நானும் அதற்கு மேல் சொல்லத் துணியமாட்டேன்.

சபைகள் கண்டுபிடித்த வழிகளைப் பாருங்கள். பல சபைகளுக்குப் பொதுக் கல்லறை உண்டு, விசுவாசிகளின் அஸ்தி அங்கே வைக்கப்படும். ஆண்டுக்கு ஒரு முறை, மறைந்தவர்களின் படங்களை வரிசையாக வைத்து நினைவு ஆராதனை நடத்துவார்கள், கிறிஸ்தவர் அல்லாத உறவினர்களும் வருவார்கள். கிறிஸ்தவ அடக்க ஆராதனையில் ஊதுபத்திக்குப் பதில் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளைப் பூவை வைப்பார்கள். துக்க வீட்டுக்குக் கொடுக்கும் உறையில் 'பூவுக்கான காணிக்கை' என்று எழுதிக் கொடுப்பார்கள். பௌத்த அடக்கத்துக்குப் போனால் என்ன செய்வது என்று சபைக்குச் சபை கருத்து வேறுபடும். தலை குனிந்து மௌனமாக ஜெபித்துவிட்டு நகர்வது பரவலாக ஏற்கப்பட்டது. போகாமல் இருப்பதுதான் மன்னிக்கப்படாது.

புட்சுதானை உடைத்து எரியுங்கள் என்று புதிய விசுவாசிக்கு ஆலோசனை சொல்லவே சொல்லாதீர்கள். அந்த வீட்டில் அவருடைய அம்மா இருக்கிறார்.

மதம் என்றாலே பயப்படுகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை, காரணமும் இருக்கிறது. 1995 மார்ச் 20-இல் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மதக் கூட்டம் டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் நச்சுவாயுவைப் பரப்பியது. 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் அபே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர், தன் தாய் கொரியாவில் தோன்றிய மத அமைப்பான யூனிஃபிகேஷன் சர்ச்சுக்குப் பெரும் தொகை கொடுத்துக் குடும்பத்தை அழித்துவிட்டதாகச் சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள் முறையற்ற காணிக்கை வசூலைத் தடுக்கச் சட்டம் வந்தது. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அந்த அமைப்பைக் கலைக்க உத்தரவிட்டது. பயமுறுத்திப் பிள்ளைகளை மத நிகழ்ச்சிக்கு இழுப்பதும் சிறார் கொடுமையே என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது.

ஆகவே காணிக்கைப் பை வரும்போது 'புதிதாக வந்தவர்கள் போட வேண்டியதில்லை' என்று சொல்லுங்கள். பிள்ளைகள் நிகழ்ச்சிக்குப் பெற்றோரின் எழுத்து அனுமதி வாங்குங்கள். தசமபாகம் கொடுக்காவிட்டால் சாபம் என்று பேசும் பழக்கம் இருந்தால் விமானம் ஏறுமுன் விட்டுவிடுங்கள்.

எவ்வளவு பணம் வேண்டும்?

ஊருக்கு ஊர் வேறுபடும். எதிர்பாராத செலவு வீடு எடுக்கும்போது வரும். முன்பணம், திரும்பக் கிடைக்காத 'நன்றிப் பணம்', தரகு, உத்தரவாத நிறுவனக் கட்டணம் எல்லாம் சேர்ந்து நான்கைந்து மாத வாடகையை முதல் நாளே கேட்கும். வெளிநாட்டவருக்கு வீடு தராத உரிமையாளர்களும் இருக்கிறார்கள், அங்கே உள்ளூர்ப் போதகரின் அறிமுகம் உதவும். தேசிய மருத்துவக் காப்பீட்டில் சேருவது கட்டாயம், சிகிச்சைச் செலவில் பொதுவாக 30 சதவீதம் நம் பங்கு. 20 முதல் 59 வயது வரை ஓய்வூதியத் திட்டமும் கட்டாயம். நிரந்தரமாகத் திரும்பும்போது அதில் ஒரு பகுதியைக் கேட்டுப் பெறலாம். இந்தியாவிலிருந்து பணம் அனுப்பும் விதிகளை அனுப்பும் சபை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளின் படிப்பு?

அரசுப் பள்ளிகள் வெளிநாட்டுப் பிள்ளைகளையும் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளும். சிறு வயதென்றால் ஒரு வருடத்தில் உங்களைவிட நன்றாகப் பேசுவார்கள். டோக்கியோவில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் உண்டு, மிஷனெரிப் பிள்ளைகளுக்கென்று 1950-இல் தொடங்கிய கிறிஸ்டியன் அகாடமியும் உண்டு. நடுநிலைப் பள்ளிக்குப் போனதும் விளையாட்டுக் குழுப் பயிற்சி ஞாயிறு காலையில் வைப்பார்கள். ஆராதனையா ஆட்டமா என்ற சண்டை உங்கள் வீட்டிலும் வரும்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் துறவி நிக்கோலாய் 1861-இல் ஹகோதாதே வந்தார். முதல் எட்டு ஆண்டு பெரும்பாலும் மொழி, வரலாறு, பௌத்த நூல்கள் என்று படிப்பிலேயே போனது. அவரைக் கொல்ல நினைத்து வந்த சவாபே தாகுமா என்ற சாமுராய்தான் 1868-இல் அவருடைய முதல் விசுவாசிகளில் ஒருவரானார். ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் 1904-இல் போர் மூண்டபோதும் நிக்கோலாய் தன் மக்களை விட்டுப் போகவில்லை. 1912-இல் டோக்கியோவில் இறக்கும்போது 30,000-க்கும் மேல் விசுவாசிகள் இருந்தார்கள். எல்லோருக்கும் இப்படி அமையாது. பத்து ஆண்டில் மூன்று ஞானஸ்நானம் என்பது அங்கே தோல்வி இல்லை. மாத அறிக்கையில் எண்ணிக்கைக் கட்டம் வைத்திருக்கும் அனுப்பும் சபைகள் தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். அந்தக் கட்டம்தான் பொய் அறிக்கையையும் மனச்சோர்வையும் உண்டாக்குகிறது.

சோர்வு வரும். தனிமை, குளிர், மொழி மூன்றும் இரண்டாம் ஆண்டில் சேர்ந்து தாக்கும். வாரம் ஒரு முறை தாய்மொழியில் மனம் விட்டுப் பேச ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். அவர் உங்களுக்குப் பணம் அனுப்பும் கமிட்டியில் இருக்கக் கூடாது.

போகாமலே ஏதாவது செய்ய முடியுமா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்கள் பல. அங்கே வேலைக்கு வந்த குடும்பங்கள் சென்னையில் வாழ்கின்றன. கணவர் அலுவலகம் போனபின் மொழி தெரியாமல் வீட்டில் இருக்கும் மனைவிக்குச் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் துணை வந்தால் பெரிய உதவி. அலுவலகத்தில் உங்களுக்குக் கீழே வேலை செய்பவரிடம் மட்டும் மதம் பேச வேண்டாம், அவரால் மறுக்க முடியாது.

பெட்டியில் என்ன எடுத்துப் போவது?

எளிதில் கழற்றி மாட்டும் காலணி, ஓட்டையில்லாத சாக்ஸ், ஜப்பானிய எழுத்திலும் பெயர் அச்சிட்ட விசிட்டிங் கார்டு, அண்டை வீட்டாருக்குக் கொடுக்கச் சிறு சிறு பரிசுகள். குடியேறிய அன்றே இரு பக்கமும் மேலும் கீழும் உள்ள வீடுகளுக்குப் போய் அறிமுகம் செய்துகொள்வது வழக்கம். மருந்தில் கவனம்: சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த சளி மாத்திரைகளுக்கு அங்கே தடை. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளை ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும். இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது. அம்மா கட்டித் தரும் பச்சைக் கறிவேப்பிலையும் ஆய்வுச் சான்று இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே நின்றுவிடும். பொடி செய்து வாங்கிக்கொள்ளுங்கள்.